வீட்டில் டெங்கு: எதிர்ப்புச் சக்தி கூட்டும் பாணி வாங்கலாமா?

உவர்மலையான்

மாரி தொடங்கிய கையோடு எங்கள் வீட்டிலும் நுளம்பு தன் வேலையைக் காட்டிவிட்டது. தம்பிக்கு 24 வயது. ஜிம்முக்குப் போகிறவன், தடிமன்கூட எப்போதாவதுதான் வரும். அவன் டெங்குவோடு வார்ட்டில் கிடந்து, சேலைன் ஏற்றி, ஒரு கட்டத்தில் பிரஷர் இறங்கி, எங்களையெல்லாம் கலங்கடித்துவிட்டு இப்போதுதான் வீட்டுக்கு வந்திருக்கிறான். அதே வாரம் அம்மம்மாவுக்கும் காய்ச்சல். அவருக்கும் டெங்கு என்றுதான் இரத்தத்தில் வந்தது. எழுபது தாண்டிய மனுசி. கஞ்சியும் இளநீரும் குடித்துக்கொண்டு படுத்திருந்தார், காய்ச்சல் விட்டதும் விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு இறங்கிவிட்டார்.

இப்போது அம்மா ஒரு பாணிப் போத்தலில் பிடிவாதமாக நிற்கிறார். தெரிந்தவர் ஒருவர் விற்கிறாராம். 'நோய் எதிர்ப்புச் சக்தியை இரட்டிப்பாக்கும்' என்று லேபலில் போட்டிருக்கிறது. விலையைச் சொன்னால் உங்களுக்கும் பிரஷர் இறங்கும்.

கேட்பது இரண்டு. பலசாலி விழுந்து கிழவி எழும்பியது எப்படி? அப்புறம், இந்தச் சக்தி போத்தலில் வாங்கிக் கூட்டக்கூடிய ஒன்றா?

மல்லித்தண்ணி

பாணியும் வேண்டாம், கீணியும் வேண்டாம். கொத்தமல்லி ஒரு பிடி, இஞ்சி ஒரு துண்டு, நாலு மிளகு. அவித்துக் குடியுங்கள். எங்கள் அப்பாச்சி இங்கிலீஷ் மருந்தைக் கையால் தொடாமல் தொண்ணூறைத் தாண்டியவர்.

உவர்மலையான்

மல்லித் தண்ணி அம்மம்மாவும் குடித்தார், தம்பியும் குடித்தான் அண்ணை. அதுதானே குழப்பம்.

ஆய்வுகூட அக்கா

நான் இரத்தம் பார்க்கிற ஆள், டொக்டர் இல்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

டெங்கு வைரஸ் நாலு வகை. ஒரு வகை வந்து போனால் அதற்கு எதிரான காப்பு ஆயுசுக்கும் நிற்கும். மற்ற மூன்றுக்கும் சில மாதம் மட்டும் ஓரளவு காப்பு இருக்கும், பிறகு அது வடிந்துவிடும். வில்லங்கம் அதற்குப் பிறகுதான். முதல் தடவை உண்டான பிறபொருளெதிரிகள் (கிருமியில் ஒட்டிக்கொள்ள உடம்பு செய்யும் புரதங்கள்) வேறு வகை வைரசிலும் போய் ஒட்டும், ஆனால் அதை முடக்கும் அளவுக்கு ஒட்டாது. பிறபொருளெதிரி ஒட்டிய எதையும் விழுங்குவது சில வெண்குழியங்களின் வேலை. அவை இதையும் விழுங்கிவிடும். டெங்கு வைரஸ் பெருகுவதே அந்தக் குழியங்களுக்குள் என்பதால், அதற்கு வீடு தேடும் வேலை மிச்சம்.

ஸ்கொட் ஹால்ஸ்டெட் என்ற அமெரிக்க டொக்டர் 1960களில் பாங்கொக்கில் இருந்தபோது இதைப் பிடித்தார். கடும் டெங்குவோடு வந்த பிள்ளைகள் இரண்டு விதம். ஒரு விதம், ஏற்கெனவே ஒரு தடவை டெங்கு வந்தவர்கள். மற்றது ஒரு வயதுகூட ஆகாத கைக்குழந்தைகள், அவர்களுக்கு அதுதான் முதல் டெங்கு. ஆனால் தாய்க்கு முன்பு டெங்கு வந்திருந்தது. தாயின் பிறபொருளெதிரி வயிற்றில் இருக்கும்போதே பிள்ளைக்குக் கடத்தப்பட்டு, மாதம் போகப் போகக் குறைந்து, காப்பாற்றவும் காணாத, சும்மாவும் இருக்காத அளவுக்கு வந்திருந்தது.

ஆகவே உங்கள் தம்பிக்கு இது இரண்டாவதாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. முதலாவது சின்ன வயதில் வெறும் 'வைரஸ் காய்ச்சல்' என்று போயிருக்கும். டெங்கு தொற்றுகிற பெரும்பாலானோருக்கு அது தொற்றியதே தெரியாது. அம்மம்மா இரண்டு வகையை எப்போதோ கடந்துவிட்டவராக இருக்கலாம், அப்படிப்பட்டவர்களுக்குப் பிறகு கடுமையாக வருவது குறைவு. ஜிம்முக்கு இதில் பங்கே இல்லை. அதற்காக வயதானவர்களை வீட்டில் வைத்துப் பார்க்கலாம் என்று யாரும் எடுத்துவிடாதீர்கள், அவர்களுக்கு ஆபத்து கூட.

தம்பிக்குப் பிரஷர் இறங்கியது, இரத்தக் குழாய்ச் சுவர் தளர்ந்து உள்ளே இருக்கவேண்டிய திரவம் வெளியே கசிந்ததால். அந்தத் தளர்வில் பெரும் பங்கு வைரசுக்கு அல்ல, அதற்கு எதிராக அவன் உடம்பே கொட்டிய இரசாயனங்களுக்கு. எதிர்ப்பு குறைந்து அவன் விழவில்லை, கூடி விழுந்தான். போத்தலை வாங்குவதற்கு முன் அம்மாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

கிண்ணியா நானா

2017 மார்ச்சில் எங்கள் ஊர் பட்ட பாடு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. ஆஸ்பத்திரியில் கட்டில் இல்லை, பள்ளிக்கூடங்களை மூட வேண்டி வந்தது. வீட்டுக்கு வீடு காய்ச்சல். நாடு முழுக்க அந்த வருடம் 1 இலட்சத்து 86 ஆயிரம் பேருக்கு மேல்.

அக்கா சொல்வதைப் பார்த்தால் பிறபொருளெதிரி இருப்பதே வினை போலல்லவா இருக்கிறது? பிறகு ஏன் பிள்ளைகளுக்கு ஊசி போடுகிறோம்? எதிர்க்கவில்லை, விளங்கிக்கொள்ளக் கேட்கிறேன்.

ஆய்வுகூட அக்கா

நல்ல கேள்வி நானா. 2017இல் அவ்வளவு மோசமாகப் போனதற்கு ஒரு காரணம் அந்த வருடம் பரவியது 2ஆம் வகை. அதற்கு முந்திய வருடங்களில் இங்கே அதிகம் ஓடியது 1ஆம் வகை. முதலாவதைக் கடந்த சனம் இரண்டாவதிடம் மாட்டியது.

ஆனால் டெங்கு விதிவிலக்கு. சின்னமுத்தை எடுங்கள். 1846இல் பரோ தீவுகளில் அது பரவியபோது பீட்டர் பானும் என்ற டென்மார்க் டொக்டர் வீடு வீடாகப் போய் எழுதி வைத்தார். முந்திய முறை அந்தத் தீவுகளில் சின்னமுத்து வந்தது 1781இல். அப்போது வந்து பிழைத்த கிழவர் கிழவிகளில் ஒருவருக்குக்கூட 65 வருடம் கழித்து அது திரும்ப வரவில்லை. இடையில் அந்தக் கிருமி தீவுப் பக்கமே வராமல் இருந்தும் உடம்பு அதை மறக்கவில்லை. சின்னமுத்து வைரசுக்கு டெங்கு போல நாலு முகம் கிடையாது, அதனால் ஊசி கச்சிதமாக வேலை செய்கிறது. நம் கிளினிக்கில் 9 மாதத்திலும் 3 வயதிலும் போடுகிறார்கள்.

டெங்குவுக்கு ஊசி செய்வது கஷ்டமானதும் இதே காரணத்தால்தான். பிலிப்பைன்ஸில் 2016இல் பள்ளிப் பிள்ளைகள் 8 இலட்சம் பேருக்கு மேல் டெங்வாக்சியா போட்டார்கள். முன்பு டெங்கு வராத பிள்ளைக்கு அந்த ஊசியே 'முதல் டெங்கு' ஆகி, பிறகு உண்மையான டெங்கு கடுமையாக வரலாம் என்று 2017 கடைசியில் தெரிந்தது. திட்டத்தை நிறுத்தினார்கள்.

கடலோடி

இடையில் என் பிரச்சினையையும் போட்டுவிடுகிறேன். வலையில் இருந்து கெழுத்தி கழற்றும்போது முள் பெருவிரலில் ஏறிவிட்டது. இரவே கை புடைத்துவிட்டது. அடுத்த நாள் அக்குளில் நெறி கட்டி, கையைத் தூக்க முடியவில்லை. இப்போது சுகம். குத்தியது விரலில், அக்குளுக்கு என்ன வேலை?

ஓய்வு தாதி

தம்பி, வார்ட்டில் இதை வருடக்கணக்காகப் பார்த்தவள் நான். உங்கள் கையில் நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன்.

தோல் முழுதாக இருக்கும் வரைக்கும் பெரும்பாலான கிருமிகளுக்கு வழி கிடையாது. அதன் மேற்பரப்பு லேசான அமிலம், அங்கேயே குடியிருக்கும் தீங்கில்லாத பக்றீரியாக்கள் வெளியாளுக்கு இடம் விடுவதில்லை. கண்ணீரிலும் உமிழ்நீரிலும் லைசோசைம் என்ற நொதியம் இருக்கிறது, பக்றீரியாவின் சுவரை அரித்துவிடும். மூச்சுக்குழாயில் சளி கிருமியை ஒட்டிப் பிடிக்க, கீழே உள்ள நுண்மயிர்கள் அதை மேலே தள்ளும். விழுங்கினால் இரைப்பை அமிலம் பார்த்துக்கொள்ளும். கெழுத்தி முள் இத்தனைக்கும் வேலை வைக்காமல் நேரே உள்ளே போய்விட்டது.

போன சில நிமிடத்தில் அந்த இடத்துக் கலங்கள் ஹிஸ்டமின் போன்ற இரசாயனங்களை வெளிவிடும். சுற்றியுள்ள நுண்குழாய்கள் விரியும். விரல் சிவந்து சுட்டது அதனால். குழாய்ச் சுவர் தளர்ந்து திரவம் கசியும், வீங்கியது அதனால். (கெழுத்தி முள்ளில் நஞ்சும் உண்டு, வலி கூடியதற்கு அது காரணம். தாங்கக்கூடிய சூட்டில் தண்ணீருக்குள் கையை வைத்தால் அந்த நஞ்சின் வேகம் குறையும். மற்றக் கையால் சூடு பார்த்துவிட்டு வையுங்கள், வலியில் இருக்கும் கைக்குச் சூடு தெரியாது.) அந்தத் தளர்ந்த சுவரின் இடுக்கால் நியூட்ரோபில் என்ற வெண்குழியங்கள் நெளிந்து வெளியேறி, முள் குத்திய இடத்துக்குப் போய்க் கிருமியை விழுங்கத் தொடங்கும். எலும்பு மச்சை இவற்றை நாளொன்றுக்கு 10,000 கோடி அளவில் உண்டாக்குகிறது. விழுங்கிவிட்டு அங்கேயே செத்தும் போகும். நாம் அருவருத்துத் துடைக்கிற சீழில் பெரும்பகுதி அவைதான்.

முள் என்றதும் ஞாபகம் வருகிறது. இந்த விழுங்கும் வேலை முதன்முதலில் விளங்கியதும் முள்ளால்தான். 1882இல் சிசிலியின் மெசினா நகரத்தில் மெச்னிகோவ் என்ற ரஷ்ய விஞ்ஞானி, கண்ணாடி போல் உள்ளே தெரியும் நட்சத்திரமீன் குடம்பிக்குள் சிறு முள்ளைக் குத்திவிட்டுப் படுக்கப் போனார். காலையில் பார்த்தால் முள்ளைச் சுற்றிக் கலங்கள் மொய்த்துக்கொண்டிருந்தன. 1908இல் நோபல் பரிசு கிடைத்தது.

அக்குள் விஷயத்துக்கு வருவோம். கசிந்த திரவம் நிணநீராகத் திரும்பிப் போக வேண்டும். கையில் இருந்து போகும் நிணநீர் அக்குளில் உள்ள கணுக்களைத் தாண்டித்தான் போகும். கிருமியின் துண்டுகளைச் சுமந்துகொண்டு சில கலங்களும் அங்கே போய்ச் சேரும். அந்தத் துண்டுக்குப் பொருந்தும் வெண்குழியம் அங்கே இருந்தால் அது பெருகத் தொடங்கும், கணு பருக்கும். அதுதான் நெறி. காலில் புண் என்றால் கவட்டில் கட்டும், தொண்டை நோ என்றால் தாடைக்குக் கீழே. நெறி கட்டினால் பயப்படத் தேவையில்லை. ஆனால் புண்ணில் இருந்து மேல்நோக்கிச் சிவப்புக் கோடு ஏறினால், காய்ச்சலும் குளிரும் வந்தால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஏற்பு (டெட்டனஸ்) ஊசி போட்டீர்களா?

கடலோடி

பள்ளிக்கூடத்தில் போட்டது அம்மா. கொப்புளிப்பான் போல ஏற்பும் ஒருமுறை வந்தால் பிறகு வராது என்று எங்கள் வாடியில் சொல்வார்கள்.

ஓய்வு தாதி

இதை யாரும் நம்பிவிடாதீர்கள். ஏற்பு வந்து பிழைத்தவருக்கும் ஊசி போட்டுத்தான் அனுப்புவோம். ஆளைக் கொல்வது கிருமி விடும் நச்சு. ஆளை முடிக்கப் போதுமான நச்சு, உடம்புக்குப் பாடம் படிப்பிக்கக் காணாது, அவ்வளவு கொஞ்சம். ஊசியில் இருப்பது விஷம் நீக்கிய நச்சு, அதைத் தாராளமாகக் கொடுக்கலாம். அதனால் வருத்தம் வந்தும் கிடைக்காத காப்பை ஊசி தருகிறது. நாளைக்கே எம்.ஓ.எச். ஒபிசிலோ ஆஸ்பத்திரியிலோ கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

கொப்புளிப்பானும் முழுக்கப் போவதில்லை தம்பி. அந்த வைரஸ் நரம்புக்குள் ஒளிந்திருந்து வயதான காலத்தில் அக்கியாக வெளியே வரும்.

பயோ பட்ச்

ஏ.எல். படிக்கிறேன். ஒரு சந்தேகம். தாதி அம்மா 'பொருந்தும் வெண்குழியம் அங்கே இருந்தால்' என்கிறார். 2019க்கு முன் உலகத்திலேயே ஆளைத் தொற்றாத கோவிட் வைரசுக்குப் பொருந்துவது எப்படி ஏற்கெனவே இருக்கும்?

ஆய்வுகூட அக்கா

இதைக் கேட்டதற்கே உங்களுக்கு ஏ தரலாம்.

மத்திய வீதித் துணிக்கடையை நினையுங்கள். தையற்காரர் ஆளைப் பார்த்து அளவெடுத்துத் தைப்பார். துணிக்கடையில் எல்லா அளவிலும் தைத்தே தொங்கும், வருகிறவருக்கு எது பொருந்துகிறதோ அது. உடம்பு தையற்காரர் முறையில் செய்கிறது என்றுதான் கன காலம் நினைத்திருந்தார்கள். 1957இல் அவுஸ்திரேலியரான பேர்னெட் இல்லை, துணிக்கடை முறைதான் என்றார். அதாவது கிருமி வருவதற்கு முன்பே கோடிக்கணக்கான வடிவங்களில் வெண்குழியங்கள் தயாராகச் சுற்றிக்கொண்டிருக்கின்றன, ஒவ்வொரு வடிவத்திலும் ஒரு சிலதான். கிருமி வந்ததும் பொருந்தியது மட்டும் பிரிந்து பிரிந்து பெருகும்.

இத்தனை கோடி வடிவத்துக்கு மரபணு எங்கே என்று அடுத்து கேட்பீர்கள். நம்மிடம் இருப்பது 20,000 அளவு மரபணுதான். அதற்கு விடை கண்டவர் சுசுமு டொனெகாவா, 1987 நோபல். பிறபொருளெதிரிக்கான மரபணு துண்டு துண்டாக இருக்கிறது. ஒவ்வொரு குழியமும் பிறக்கும்போது அந்தத் துண்டுகளை எழுந்தமானமாக வெட்டி ஒட்டிக்கொள்கிறது. எழுந்தமானம் என்பதால் சொந்த உடம்பிலேயே ஒட்டக்கூடியவையும் பிறக்கும். அவற்றில் பெரும்பாலானவற்றை எலும்பு மச்சையிலும் நெஞ்சுக்குள் இருக்கும் தைமஸ் சுரப்பியிலும் வைத்தே கழித்துவிடும். கழிபடாமல் தப்பியதால் வருவதுதான் மூட்டுவாதம், சிலருக்கு முதலாம் வகைச் சீனி வருத்தம் எல்லாம்.

சில குழியங்களில் இருந்து போதிய தொகை பெருக ஒரு வாரம் அளவு எடுக்கும். பல வைரஸ் காய்ச்சல் ஒரு வாரத்தில் விடுவதும் அதனால்தான், கடைசியாகக் குடித்த கஷாயத்தால் அல்ல (மல்லித்தண்ணி அண்ணை மன்னிக்க). வேலை முடிந்ததும் பெரும்பாலானவை செத்துவிடும், கொஞ்சம் நினைவுக் குழியங்களாகத் தங்கும். அதே கிருமி திரும்ப வந்தால் ஆளுக்குத் தெரியும் முன்பே கதை முடிந்துவிடும்.

பரீட்சைக்கு: பிறபொருளெதிரி கலத்துக்குள் நுழையாது. உள்ளே பதுங்கிய வைரசுக்கு, கொல்லும் ரி குழியம் என்ற வெண்குழிய வகை வந்து அந்தக் கலத்தையே அழிக்கும். இதை எழுதாமல் விடுகிறவர்கள்தான் அதிகம்.

சீனக்குடா சித்தன்

எல்லாம் சரி. இவ்வளவு அருமையான ஏற்பாட்டுக்குக் கொஞ்சம் ஊக்கம் கொடுத்தால் என்ன குறைந்துபோகும்? மூலிகை என்றாலே உங்களுக்கெல்லாம் இளக்காரம். சீந்தில் கொடி நம் முன்னோர் தந்தது.

ஆய்வுகூட அக்கா

இளக்காரம் இல்லை. எதைக் கூட்டுவது என்று சொல்லுங்கள், அதுதான் கேள்வி. காய்ச்சல், வீக்கம், சளி, தும்மல் எல்லாமே எதிர்ப்புத்தான். ஆஸ்துமாக்காரருக்கும் இறால் சாப்பிட்டுத் தடிக்கிறவருக்கும் அது கூடித்தான் இருக்கிறது. அவர்கள் காசு கொடுத்துக் குறைக்கிறார்கள்.

கோவிட் காலத்தை யோசியுங்கள். 2020 ஜூனில் பிரித்தானிய ஆய்வொன்று, செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களின் இறப்பை மூன்றில் ஒரு பங்கு குறைத்த மலிவான மருந்தைக் காட்டியது. டெக்ஸாமெதசோன். அது எதிர்ப்பை அடக்குகிற மருந்து. அதே வருடம் டிசம்பரில் கேகாலையில் எதிர்ப்பைக் கூட்டும் பாணிக்கு ஆயிரக்கணக்கில் முண்டியடித்தார்கள். கமராவுக்கு முன்னால் அதைக் குடித்துக் காட்டிய சுகாதார அமைச்சருக்கே அடுத்த மாதம் கோவிட் வந்தது.

சீந்தில் தொடர்ந்து குடித்து ஈரல் பாதித்தவர்களைப் பற்றி இந்திய டொக்டர்கள் எழுதியிருக்கிறார்கள். டெங்குவில் ஈரல் ஏற்கெனவே அடிபட்டிருக்கும்.

கடலோடி

எனக்குச் சூரை தின்றால் சில நாள் முகம் சிவந்து உடம்பு அரிக்கிறது, சில நாள் ஒன்றுமில்லை. அதுவும் இந்த எதிர்ப்புக் கூடினதா?

ஓய்வு தாதி

சில நாள் மட்டும் என்றால் பெரும்பாலும் மீனில்தான் பிழை. ஐஸ் போடாமல் வெயிலில் கிடந்த சூரையில் பக்றீரியாக்கள் ஹிஸ்டமினை உண்டாக்கிவிடும். முள் குத்தின கையில் உங்கள் உடம்பு விட்டதும் அதே பொருள்தான், இது மீனோடு வெளியில் இருந்து வருகிறது. கறியாக்கினாலும் பொரித்தாலும் போகாது.

சித்தன் தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும். கூட்டுவதைப் பற்றி எனக்கு நம்பிக்கை இல்லை, ஆனால் குறைக்கிறதை நிறுத்தலாம். நான் கண்டதில் முதலாவது கட்டுப்படாத சீனி வருத்தம். சீனி ஏறிய இரத்தத்தில் நியூட்ரோபில்கள் மந்தமாகிவிடும், காலில் முள் குத்தியதும் தெரியாது. சின்னக் காயத்தில் தொடங்கிக் கால் எடுக்கிற வரைக்கும் போனவர்களுக்கு மருந்து கட்டியிருக்கிறேன். அடுத்தது சிகரெட், அந்த நுண்மயிர்களைக் கெடுத்துவிடும். நித்திரையும் சும்மா விஷயம் இல்லை. 2015இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில் 164 பேரின் மூக்கில் தடிமன் வைரசை விட்டுப் பார்த்தார்கள். 6 மணித்தியாலத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்கு, 7க்கு மேல் தூங்கியவர்களைவிட நாலு மடங்கு தடிமன் பிடித்தது.

மல்லித்தண்ணி

என் மல்லித் தண்ணியை யாரும் திட்டவில்லை என்று நினைக்கிறேன்.

ஓய்வு தாதி

சூடான தண்ணீர் உடம்புக்குள் போகிறது, சளி இளகுகிறது, குடித்தால் இதமாக இருக்கிறது. தடிமனுக்கு நானும் குடிப்பேன். டெங்கு என்று சந்தேகம் இருந்தால் மட்டும் கறுப்பு, சிவப்பு, மண்ணிற பானம் வேண்டாம். சத்தி எடுத்தால் அது இரத்தமா கஷாயமா என்று வார்ட்டில் எங்களுக்குத் தெரியாமல் போகும். கஞ்சி, இளநீர், ஜீவனி குடிக்கலாம். பனடோல் தவிர வேறு காய்ச்சல் குளிசையோ அஸ்பிரினோ புரூபனோ தொடக்கூடாது.

உவர்மலையான்

அம்மாவுக்கு முழுவதையும் வாசித்துக் காட்டினேன். அமைச்சர் கதையில் சிரித்துவிட்டார், போத்தல் இப்போதைக்குத் தள்ளிப்போயிருக்கிறது. அந்தக் காசில் தண்ணீர்த் தாங்கிக்கு மூடி வாங்கியாயிற்று, பீலியில் அடைத்திருந்த சருகையும் இறக்கிவிட்டேன்.

கடைசியாக ஒன்று. தம்பி இனிப் பயமில்லாமல் இருக்கலாமா? எந்த வகை வந்தது என்று அவனுடைய ரிப்போர்ட்டில் இருக்குமா?

ஆய்வுகூட அக்கா

இருக்காது. என்.எஸ்.1 பரிசோதனை டெங்குவா இல்லையா என்று மட்டும்தான் சொல்லும், வகை தெரிய பி.சி.ஆர். செய்ய வேண்டும். இரண்டு வகை முடிந்திருந்தால் அடுத்தது கடுமையாகும் வாய்ப்பு குறைவு, ஆனால் அவனுக்கு இது முதலாவதாக இருந்திருந்தால் கதை வேறு. அதனால் டிஸ்சார்ஜ் கார்டை எறிய வேண்டாம். இனிக் காய்ச்சல் வந்தால் 'எனக்கு முன்பு டெங்கு வந்தது' என்று டொக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லச் சொல்லுங்கள். மூன்றாம் நாளாவது எஃப்.பி.சி. (இரத்தக் குழியங்களை எண்ணும் பரிசோதனை) பார்க்க வேண்டும். காய்ச்சல் விட்டதும் எழும்பி ஜிம்முக்கு ஓடக் கூடாது. கசிவு தொடங்குவது பெரும்பாலும் காய்ச்சல் இறங்குகிற நேரத்தில், அடுத்த 24 முதல் 48 மணித்தியாலம்தான் பார்த்திருக்க வேண்டிய நேரம். ஆறு மணித்தியாலமாகச் சலம் போகவில்லை, வயிற்று நோ, தொடர்ந்து சத்தி, கைகால் குளிர்கிறது என்றால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.